பாடையில் படுத்தவரின் சிரிப்பு

சக்ரதர் பாபுவுக்கு ஒரு சட்டை தைத்தால் போதாது, இரண்டு தைக்க வேண்டும். ஒன்று அவருக்கு, இன்னொன்று வீரபத்ரத்துக்கு. பாபுவின் படங்களுக்கெல்லாம் உடை பார்த்தவன் இந்த யாதகிரிதான். அதனால் சொல்கிறேன், பாபு குதிரையில் பாய்ந்ததையும் மாடியிலிருந்து குதித்ததையும் பார்த்து விஜயவாடாவிலும் வரங்கலிலும் பறந்த விசிலில் பாதி வீரபத்ரத்தின் முதுகுக்குச் சேர வேண்டியது. அவன் பாபுவின் டூப்.

ஏலூருக்காரன். அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் படப்பிடிப்புக்கு வந்த ஸ்டன்ட் மாஸ்டர் அவனைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, பாபு இங்கே என்ன செய்கிறார் என்று பதறி ஓடியிருக்கிறார். திரும்பினால் வேறு முகம். சின்னக் கண், சப்பை மூக்கு, மேல் வரிசையில் ஒரு பல் மட்டும் முன்னால் தள்ளி நிற்கும். முகம் யாருக்கு வேண்டும், முதுகு போதும் என்று கையோடு ஹைதராபாத்துக்குக் கூட்டி வந்துவிட்டார். கிருஷ்ணாநகரில் எங்கள் சந்திலேயே குடிவந்தான். சினிமாவில் வேலை பார்க்கும் பாதிப்பேர் அங்கேதான் இருக்கிறோம், மீதிப்பேர் அங்கே டீ குடிக்க வருகிறார்கள்.

அப்போது பாபுவே புதுமுகம். இரண்டு படம் ஓடவில்லை, மூன்றாவது ஓடியது. பிறகு நிற்கவேயில்லை. திரைக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார்கள், கட்அவுட்டுக்குப் பால் ஊற்றினார்கள், பிறக்கிற பிள்ளைக்கெல்லாம் சக்ரதர் என்று பெயர் வைத்தார்கள். பாபு உயர உயர, வீரபத்ரம் குதிக்க வேண்டிய மாடியும் உயர்ந்துகொண்டே போனது. முழங்கால் ஒரு படத்துக்கு, தோள்பட்டை ஒரு படத்துக்கு என்று கொடுத்தான்.

அதைவிடப் பெரிய கஷ்டம் சாப்பாடு. பாபு இளைத்தால் இவனும் இளைக்க வேண்டும். பாபுவுக்குத் தொப்பை விழுந்தால் இவனும் வளர்க்க வேண்டும். பாபு புதுப்படத்துக்காகச் சோற்றைக் குறைத்தார் என்றால் தயாரிப்பு மேனேஜர் சூர்யம் நேரே வீரபத்ரத்தின் வீட்டுக்கு வந்து நெய் கூடாது, அப்பளம் கூடாது என்று சொல்லிவிட்டுப் போவார். வீரபத்ரத்தின் மனைவி மங்கதாயாரு அவர் தலை மறைந்ததும் என்னிடம் ஆரம்பிப்பாள்.

"அந்த மகராசன் வயித்த கட்டினா என் வீட்டு அடுப்பு ஏன் அணையணும்? நாளைக்கு அவரு மொட்டை போட்டா இவருக்கும் போடுவீங்களா?"

போட்டோம். திருப்பதியில் பாபு மொட்டை போட்ட அதே வாரம் இவனுக்கும் போட்டோம்.

இவ்வளவு பட்டும் வீரபத்ரம் வாயைத் திறக்க மாட்டான். டீக்கடையில் எவனாவது, "நேத்து பாத்தியா, பாபு எப்படி ரயில்லருந்து குதிச்சாரு" என்றால், ஆமாம், பெரிய ஆளு என்று தலையாட்டுவான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அவன் என் தொடையை அழுத்தி உட்கார வைப்பான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் காட்சி முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிப்பார்கள். எந்தப் படத்திலும் வராது, வெட்டித் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஆனால் எடுக்காமல் யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். எங்கள் அடுத்த தெருவில் ஒரு நடிகர், வேறு படப்பிடிப்புக்கு நேரமாகிவிட்டதென்று சிரிக்காமல் வண்டி ஏறினார். அந்த மழைக்காலத்தை அவர் தாண்டவில்லை. காமாலை என்றார் டாக்டர். கிருஷ்ணாநகர் அதை ஒப்புக்கொள்ளவேயில்லை.

பாபுவின் அம்மா இன்னும் ஒரு படி மேலே போனவர். நடிப்புக்காகக்கூடப் பாடையில் ஏறக் கூடாது என்று மகனிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அதனால் பாபு சாகிற படங்களில், முகம் தெரிகிற காட்சியை மட்டும் கட்டிலில் படுக்க வைத்து எடுப்போம். முடிந்ததும் அவர் அழகாகச் சிரிப்பார், செட்டே கைதட்டும். பாடையில் மாலைக்குள் முகம் புதைந்து ஊர்வலம் போவது வீரபத்ரம். ரசிகர்கள் பாபுவைச் சாக விடுவதேயில்லை என்றாலும், அழ வைக்க ஆசைப்படும் இயக்குநர்கள் எப்போதும் உண்டு. அப்படி ஐந்தாறு படங்களில் இவன் சுடுகாடு போய் வந்தான்.

டிஜிட்டல் வராத காலத்தில், ஃபிலிம் சுருளை அடி அடியாக எண்ணிச் செலவழித்த நாட்களில் நடந்தது இது. ஸ்டுடியோவில் சுடுகாடு செட் போட்டிருந்தோம். அன்று வீரபத்ரத்துக்குப் பிறந்தநாள். மாங்காய்ப் பருப்பும் கோங்குராக் கீரையும் கேரியரில் கட்டிக்கொண்டு மங்கதாயாரு முதல்முறையாக செட்டுக்கு வந்தாள். அவள் வந்த நேரம் புருஷன் பாடையில் போய்க்கொண்டிருந்தான். கட் சொன்னார்கள். அவன் எழுந்து, காதுக்குள் போயிருந்த சாமந்தி இதழை எடுத்துப் போட்டுவிட்டு, கை கழுவப் போனான்.

அவள் என்னிடம் வந்து, "சிரிப்பு எப்ப எடுப்பாங்க, அண்ணா?" என்று கேட்டாள். நான் கையிலிருந்த சட்டைக்கு இல்லாத சுருக்கத்தை நீவினேன். பக்கத்தில் நின்ற சூர்யம் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"டூப்புக்கு எதுக்கும்மா அதெல்லாம்? மூஞ்சியே தெரியப் போறதில்ல. எந்தப் படத்துலயும் எடுத்ததில்லையே."

அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வீரபத்ரம் வீட்டுக்குப் போய், எடுத்தார்கள், நன்றாக வந்தது என்று சொல்லியிருக்கிறான். அதைக் கேட்ட பிறகுதான் அவள் கதவைவிட்டு விலகி உள்ளே விட்டிருக்கிறாள். கை கழுவிவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தவனிடம் அவள் சத்தம் போடவில்லை.

"இத்தனை தடவை செத்துட்டு வந்து என் பக்கத்துல படுத்திருக்கீங்க. ஒரு தடவைகூட எழுந்திரிக்கல."

கேரியரைக் கீழே வைத்தாள். விறுவிறுவென்று போய்ப் பாடையின் நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். சுமங்கலி, நெற்றி நிறையக் குங்குமம், பாடை மேல். லைட் தூக்குகிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பெண்பிள்ளையைத் தொட்டு இறக்க ஒருவனுக்கும் துணிவு இல்லை. எல்லாச் சாவுக்கும் சிரிப்பு எடுக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்றாள். சூர்யம் வீரபத்ரத்தைத் தனியே இழுத்துப்போய், பெண்டாட்டியை இறக்கு, இல்லையென்றால் நாளையிலிருந்து வேறு முதுகு பார்த்துக்கொள்கிறேன் என்றார். வீரபத்ரம் அவளிடம் கெஞ்சினான். நாற்பத்தைந்து தாண்டிவிட்டது, இனி மூட்டையும் தூக்க முடியாது, பிழைப்பு போய்விடும் என்றான். பிழைப்பு போனால் போகட்டும், நீங்கள் இருங்கள் என்றாள் அவள்.

சத்தம் கேட்டு பாபு அறையிலிருந்து வந்தார். சூர்யம் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பாபு அவரைக் கையமர்த்திவிட்டு வீரபத்ரத்தைப் பார்த்தார்.

"உனக்கு எடுக்கவே இல்லையா?"

"அவசியமில்ல பாபு. சும்மா நம்பிக்கைதானே."

"சும்மா நம்பிக்கைன்னா நானே படுத்திருக்கலாமே. எங்கம்மாவுக்கு இருக்கிற பயம் இந்தம்மாவுக்கு இருக்காதா?"

கேமராவைத் திருப்பினார்கள். வீரபத்ரத்தை நிறுத்தி, ஸ்டார்ட் என்றார் இயக்குநர். கேமரா ஓடிய மறுகணம் அவன் பட்டென்று முதுகைக் காட்டி நின்றான். செட் முழுக்கச் சிரித்தது. பாவம், கேமரா சத்தம் கேட்டால் திரும்பிக்கொள் என்றுதானே இத்தனை காலமும் அவனைத் திட்டி வைத்திருந்தோம். மறுபடி நிறுத்தினார்கள், மறுபடி திரும்பினான். கடைசியில் நான் போய் இரண்டு தோளையும் பிடித்து நேராக வைத்தேன். அப்போதும் சிரிப்பு வரவில்லை. பல்லைக் கையால் மூடிக்கொண்டான். மங்கதாயாரு பாடையில் இருந்தபடியே சொன்னாள்.

"கைய எடுங்க. பொண்ணு பாக்க வந்தன்னிக்கு அந்தப் பல்ல பாத்துதான் தலையாட்டினேன்."

கை தானாக இறங்கியது. அவன் சிரித்தான். வெட்கமும் அழுகையும் கலந்த அப்படியொரு சிரிப்பை நான் எந்த நட்சத்திரத்திடமும் பார்த்ததில்லை. ஒவ்வொரு படத்தின் பெயராக நான் சொன்னேன், அவன் ஒவ்வொன்றுக்கும் சிரித்தான். பாதியில் ஃபிலிம் வீணாகிறதென்று முனகிய சூர்யத்தை பாபு திரும்பிப் பார்த்ததோடு சரி.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். அவள் இன்னும் இறங்கவில்லை.

"பாபு, நீங்களும் போய் நில்லுங்க."

"நான்தான் எனக்குள்ளத நேத்தே சிரிச்சிட்டேனேம்மா."

"அது கட்டில்ல படுத்ததுக்கு. பாடையில போனது உங்க பேருதானே? படுத்தது இவரு, செத்தது நீங்க. ரெண்டு பேருக்கும் ஆயுசு வேணும் பாபு."

சக்ரதர் பாபு கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் மட்டுமல்ல, செட்டே பார்த்தது. டூப்பும் கதாநாயகனும் ஒரே காட்சியில் தெரிவது எந்த மேனேஜரும் கனவிலும் நினைக்காத விஷயம். பாபு போய் வீரபத்ரத்தின் தோளில் கைபோட்டு நின்றார். நான் தைத்த இரண்டு சட்டைகளும் முதல்தடவையாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இருவருக்கும் ஒரே அளவு தொப்பை. இருவரும் சிரித்தார்கள். மங்கதாயாரு இறங்கி, புடவையை உதறிக்கொண்டு கேரியரைத் திறந்தாள்.

அந்தத் துண்டு வழக்கப்படி வெட்டுப்பட்டது. குப்பைக்குப் போகுமுன் எடிட்டிங்கில் இருந்த ஒரு நல்ல மனிதர் அதில் ஒரு சிரிப்பைப் பெரிதாக அச்சிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு என்னிடம் கொடுத்தார். பாபுவும் வீரபத்ரமும் நிற்கிற படம். என்னால் பெருமை தாங்கவில்லை. சுவரில் மாட்ட ஆணியும் சுத்தியலுமாகவே அவர்கள் வீட்டுக்குப் போனேன். மங்கதாயாரு வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தாள்.

"சுவத்துல எதுக்குண்ணா மாட்டணும்? ஆளுதான் உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருக்காரே."