கையைப் பிடித்து ஏற்றியவர்

சத்திரம் பேருந்து நிலையத்தில் வெள்ளைக் கோலோடு நிற்கும் இளைஞரைக் கையைப் பிடித்து இழுத்து, ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறார் நாமம் போட்ட ஒருவர். அன்னதானச் சாப்பாட்டை நம்பி ஏறிய நான் படியருகில் நிற்கிறேன்.

"விடுங்க சார், நான் புத்தூர் போகணும்! இன்டர்வியூ இருக்கு!"

"எல்லாம் பெருமாள் பார்த்துப்பார், போயிட்டு வாங்க" என்று கீழிருந்து கும்பிடுகிறார் ஏற்றிவிட்டவர். பஸ் கிளம்புகிறது.

"இவரு கோயிலுக்குத்தானே?" கண்டக்டர் என்னிடம் கேட்கிறார்.

"அவர்கிட்டயே கேளுங்க" என்கிறேன்.

"பாவம், கண்ணு தெரியாதவர்கிட்ட என்னத்தக் கேக்குறது?" என்கிறார் முன்சீட்டு அம்மா.

இளைஞர் கோலால் கம்பியை ஓங்கித் தட்டுகிறார். "கண்ணுதாங்க தெரியாது. வண்டிய நிறுத்துங்க!"

காவிரிப் பாலத்துக்கு முன்பே பஸ் நிற்கிறது. இறங்கி, எதிர்ப்பக்கம் போக அவர் திரும்புவதற்குள் ஒரு பூக்காரர் ஓடிவந்து கையைப் பிடிக்கிறார்.

"கோயிலுக்கா சாமி? வாங்க, வாங்க."