விமானத்துக்குப் பளபளப்பு ஏற்றிய படலம்

விமானத்துக்குப் பெயின்ட் அடிப்பதுதான் என் தொழில். ஆனால் இதுவரை பிரஷ் பிடித்தது கிடையாது. பைலட்டுக்குப் படிப்பவர்கள் முதலில் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பழகுவார்கள் அல்லவா, அந்த விமானத்துக்கு நிஜ பெயின்ட் போலவே பளபளப்பு ஏற்றுகிறவன் நான். கேரளத்துக் கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கின் ஏசி குளிரில் உட்கார்ந்து கண் பூத்துப்போகும் சக பாவிகளே, உங்களிடம் சொன்னால்தான் புரியும். போன வருஷம் ஒரு பயிற்சிப் பள்ளியின் குட்டி விமானம் என்னிடம் வந்தது. அது தேறாவிட்டால் வங்கிச் செயலிக்குப் பட்டன் வரையும் டீமுக்கு மாற்றிவிடுவோம் என்று டீம் லீடர் பிஜு சொல்லிவிட்டார். எனக்கு விமானம்தான் பிடிக்கும்.

டயருக்கு வந்த வாழ்வு

ஒவ்வொரு விமானத்துக்கும் வண்ணப் படத்தோடு ஒரு கறுப்பு வெள்ளைப் படமும் உண்டு. கறுப்பாக விட்ட இடம் மின்னும், வெள்ளையாக விட்ட இடம் மங்கும். எந்தப் புண்ணியவான் இப்படி வைத்தானோ, நான் அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட்டேன். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரு விமானம் ஸ்கிரீனில் வந்து நின்றது. சக்கரம் மட்டும் ஜொலிஜொலித்தது. பிஜு நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எடோ, இந்த டயர்ல முகம் பார்த்து ஷேவ் பண்ணலாம், கேட்டோ."

பார்க்கிங்கில் ஆராய்ச்சி

அதைத் திருத்தியும் பளபளப்பு என்னவோ பிளாஸ்டிக் வாளி மாதிரியே இருந்தது. நல்ல பெயின்ட்டில் வெளிச்சம் எப்படி வளைகிறது என்று பார்க்க, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பார்க்கிங்குக்குப் போனேன். யாரோ புதிதாக வாங்கிய கறுப்புக் காரின் கதவருகே குனிந்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தேன். செக்யூரிட்டி முருகேசன் நம்ம வள்ளியூர்க்காரர். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். டியூப் லைட்டைப் பார்க்கிறேன் என்றேன். அவர் மேலே எரிந்த டியூப் லைட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சாரே, தலை சீவணும்னா லிஃப்ட்ல கண்ணாடி இருக்கு."

அழகுக்கு வந்த சோதனை

ஒருவழியாக, மேகம் முகம் பார்த்துக்கொள்கிற அளவுக்கு மெருகு வந்துவிட்டது. பள்ளியின் பயிற்சியாளர் லீலா மேடம் பார்க்க வந்தார். மெச்சிக்கொள்ளப் போகிறார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். அவர்கள் பள்ளியில் மாணவர்களே முறை வைத்து விமானத்தைக் கழுவுவார்களாம். ஏறி மிதித்து மிதித்து இறக்கையில் மெருகே போய்விட்டதாம். பெட்ரோல் மூடியைச் சுற்றிக் கறையாம். கை எட்டாத வால் பக்கம் எப்போதும் தூசியாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நல்லா இருக்கு மோனே. பக்ஷே, இது எங்க பிளேன் இல்லை."

கழுவாத வால்

ஆசை ஆசையாக ஏற்றிய பளபளப்பை நானே இறக்கினேன். மிதித்த இடத்தை மங்கவிட்டேன், மூடியைச் சுற்றிக் கறை வைத்தேன், வாலில் தூசி தூவினேன். சொந்தப் பிள்ளைக்குச் சேறு பூசுகிற மாதிரி இருந்தது. மேடம் தன் மாணவர்களோடு மறுபடி வந்தார். பிஜு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். பட்டன் டீமில் எனக்கு நாற்காலி தயார் என்று அவர் முகமே சொன்னது. மேடம் ஸ்கிரீனில் விமானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வாலருகே வந்ததும் முகம் கடுகடுத்தது. போச்சுடா என்று நினைத்தேன். அவரோ என்னைப் பார்க்கவே இல்லை, மாணவர்கள் பக்கம் திரும்பினார்.

"இன்னைக்குக் கழுவுற முறை யாருக்கு?"

பளபளப்புக்குச் சம்பளம் வாங்குகிறவன் வேலையைக் கடைசியில் அழுக்குதான் காப்பாற்றியது என்று வெளியே சொன்னால் யார் நம்புவார்கள், சொல்லுங்கள்.