மனேஜரின் மேலங்கி

டோர்செட் பார்க் என்ற குடியிருப்புப் பகுதியில், எங்கள் கட்டடத்தின் உச்சி மாடியில் அவர் இருந்தார். தென்னமெரிக்க நாடொன்றில் அமைச்சராக இருந்து, பிறகு தூதராகப் போனவர். உடுப்புத் தோய்க்க இறங்கும்போதும் டை கட்டியிருப்பார். யார் வந்தாலும் அவர்களின் மேலங்கியை வாசலிலேயே தன் கையால் வாங்கி மாட்டுவார்.

அந்த மாரியில் ஹீற்றர் பழுதாகி இரண்டு கிழமையாகியும் கட்டட மனேஜர் அசையவில்லை. கடைசியில் அவரைக் கீழ்த்தளக் கூடத்துக்கு வரவழைத்தோம். அங்கேயும் அதே குளிர். நாங்கள் சண்டைக்குத் தயாராக இருந்தோம். தூதரோ பெரும் மரியாதையுடன் மனேஜரின் மேலங்கியை வாங்கித் தூரத்து மூலையில் மாட்டிவிட்டு, அவரை ஜன்னலோரக் கதிரையில் இருத்தினார்.

"இந்தக் குளிருக்கை உவர் ஏன் அந்தாளின்ரை ஜக்கெற்றை வாங்கிறார்? அவனுக்கு என்ன உபசாரம்?" என்று மனைவி என் காதில் சீறினாள்.

"பொறும், பாப்பம்" என்றேன்.

தூதர் ஒவ்வொரு குடும்பமாக ஆறுதலாக, நேரமெடுத்து அறிமுகப்படுத்தினார். மனேஜர் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டார். மேலங்கியைக் கேட்டால் குளிர்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். பாதிக் குடும்பங்கள் மிச்சமிருக்கும்போதே, "நாளைக் காலையில் ஆட்களை அனுப்புகிறேன்" என்று எழுந்துவிட்டார். சொன்னபடி ஆட்கள் வந்தார்கள்.

அன்று லிஃப்டில், "இது பலிக்கும் என்று எப்படித் தெரியும்?" என்று தூதரிடம் கேட்டேன்.

"ஓர் எல்லைப் பேச்சுவார்த்தையில் என்னுடையதையும் இப்படித்தான் வாங்கினார்கள்" என்றார், டையைச் சரிசெய்தபடி. "கையெழுத்துப் போட்ட பிறகுதான் திரும்பக் கிடைத்தது."

என் மாடி வந்துவிட்டது. எவ்வளவு நிலம் போனது என்று கேட்க வாய் வராமல் இறங்கினேன்.