மூலை இல்லாத பெட்டி

“இதுல எங்கடி தப்பு இருக்கு? நீயே பாத்துச் சொல்லு.”

அத்தை கேட்டார். வான்கோழிக் குஞ்சுகளுக்காக அவர் செய்த பெட்டி எங்கள் முன்னால் இருந்தது. அவருடைய கட்டைவிரல் நகம் அதன் மூலையில் மேலிருந்து கீழே ஓடியது. பிறகு அடுத்த மூலை. நகம் எங்கும் தட்டவில்லை.

நகத்தை ஓட்டிப் பார்ப்பது அத்தையின் பழக்கம். படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் கடை அவருடையது. இரண்டு கட்டைகள் சேரும் இடத்தில் நகம் தட்டினால், பிரித்துப் போட்டு மறுபடி அறுப்பார். இது கடையோடு நின்றால் பரவாயில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தாலும் மேசை, ஜன்னல், அலமாரி எதையும் விடமாட்டார். “உங்க தச்சன் அவசரக்காரன்டா” என்று அப்பாவிடம் சொல்வார். ஒருமுறை பல் வைத்தியரிடம் போனவர், சுவரில் கோணலாகத் தொங்கிய படத்தை இறக்கி, ஆணியைத் தன் செருப்பாலேயே அடித்து நேராக்கிவிட்டுத்தான் வாயைத் திறந்தார். தெருவில் அவருக்கு ‘நாலுமூலை’ என்று பெயர். அது அவருக்கும் தெரியும். “அஞ்சுமூலைன்னு சொன்னாத்தான் கோவம் வரும்” என்பார்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக அந்தக் கடைக்குத்தான் போவேன். அறுத்த மரமும் பசையும் கலந்த ஒரு வாசனை. கண்ணாடியைக் கீறும் சத்தத்தில் எனக்குப் பல் கூசும். அத்தை வேண்டுமென்றே இன்னொரு தடவை கீறுவார். ஒரு அம்மாள் குடும்பப் படத்தைக் கொண்டுவந்து, ஓரத்தில் நிற்கும் சம்பந்தியை மட்டும் வெட்டிவிட்டுச் சட்டம் போட முடியுமா என்று கேட்டார். “ஃபோட்டோவிலேருந்து வெட்டிடலாம்மா. வீட்டிலேருந்து வெட்டற ரம்பம் என்கிட்ட இல்ல” என்றார் அத்தை. இன்னொருவர் முட்டை வடிவத்தில் சட்டம் கேட்டார். “வேற கடையப் பாருங்க சார். மூலை இல்லாததுல நான் கை வைக்கிறதில்ல.” நாங்கள் வீடு மாறி வந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போதும் எங்காவது மரம் அறுக்கும் வாசனை வந்தால் என் கால் நின்றுவிடுகிறது.

கடைக்குப் பின்னால், வீட்டுக்குள் போகும் ஒரு நடை. அங்கே மாமா உட்கார்ந்திருப்பார். லாரி ஓட்டியவர். கண் மங்கிப்போய், ஆள் நிழலாகத்தான் தெரியும் என்று ஆனபிறகு வண்டியைக் கொடுத்துவிட்டு வந்தார். அதன்பின் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, ரேடியோவின் திருகைத் திருப்பிக்கொண்டே இருந்தார். எந்தப் பாட்டையும் முழுதாகக் கேட்கமாட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிட்டால் போவார்.

ஒருநாள் அவராகவே பேசினார். “வான்கோழி வளத்தா என்ன?”

அத்தை கையிலிருந்த ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார்.

“சின்ன வயசுல எங்க வீட்ல இருந்துச்சு. நான் விசிலடிச்சா சேவல் பதில் குடுக்கும். இங்க யாரு எனக்குப் பதில் குடுக்குறா?”

“விசிலுக்கு நகர நான் என்ன பஸ்ஸா, டிரைவரே?” என்றார் அத்தை. ஆனால் அன்று சாயங்காலமே கொல்லையை அளக்க ஆரம்பித்துவிட்டார்.

கூண்டு வேலையில் இருவரும் சேர்ந்து இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். தரையிலிருந்து முழங்கால் உயரம் தூக்கிக் கட்டினார்கள். அத்தை கம்பிவலையை அடிப்பார். மாமா ஓரம் முழுவதும் விரலால் தடவி வருவார். “இங்க ஒரு முனை நீட்டிட்டிருக்கு.” அத்தை கத்தரிப்பார். “இங்க இன்னொண்ணு.” கத்தரிப்பார். உட்காரும் கட்டையை அத்தை மெல்லியதாக இழைத்துக்கொண்டு வந்தபோது மாமா அதைக் கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தார். “இது என்ன, குருவிக்கா? அது உக்காந்தா ஆளே உக்காந்த மாதிரிம்மா.” தரையில் மரத்தூள் போடப் போனவரைத் தடுத்து, “தூளைக் கொத்தித் தின்னுடும், சீவலாப் போடு” என்றார். குஞ்சுகள் பெரிதாகும்வரை இருக்க, கூண்டுக்குள் வைக்கத் தனியாக ஒரு பெட்டி. அதை மட்டும் அத்தை யாரையும் தொடவிடவில்லை. படச்சட்டம் போலவே செய்தார். உள்ளே ஒரு குண்டு பல்பு. தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டுகள். பளபளப்பைக் கொத்தப் போய்த்தான் குஞ்சு தண்ணீர் குடிக்கக் கற்குமாம்.

குஞ்சுகள் வந்தன. மாமா நாற்காலியைக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போனார். ரேடியோ நடையிலேயே கிடந்தது.

அந்த வாரமே ஒரு மழை இரவில் கரண்ட் போனது. பல்பு அணைந்ததை யாரும் கவனிக்கவில்லை. காலையில் திறந்தால், எல்லாம் ஒரே மூலையில் குவியலாகக் கிடந்தன. மேலே இருந்த இரண்டு மட்டும் உயிரோடு இருந்தன.

“விடும்மா. நமக்கு ஒத்துவரல” என்றார் மாமா. நாற்காலி பழையபடி சுவரைப் பார்க்கத் திரும்பிவிட்டது.

அன்று அத்தை கடையைத் திறக்கவில்லை. பெட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்துகொண்டுதான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். அவர் ஒரு குஞ்சைத் தூக்கி நடுவில் விட்டார். அது குடுகுடுவென்று ஓடி மூலையில் தலையைச் செருகிக்கொண்டது. அடுத்ததை விட்டார். அது முதல் குஞ்சின் முதுகில் ஏறியது. மறுபடி பிரித்து விட்டார். மறுபடியும் அதே மூலை.

“அடப்பாவி” என்றார் மெல்ல. “குளிருக்கு ஒண்ணா ஒண்டுதுங்க. மூலை இருக்கிறதாலதானடி முட்டி நின்னு ஒண்ணுமேல ஒண்ணு ஏறுது. தப்பிக்க வழியே இல்லாம அத்தனை கச்சிதமாச் செஞ்சு வெச்சிருக்கேன்.”

படங்களுக்குப் பின்னால் வைக்கும் அட்டைப்பலகையை எடுத்து வந்து, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வளைத்தார். வளைந்த பலகையை உள்ளே இறக்கி நான்கு மூலைகளையும் மறைத்து ஆணி அடித்தார். முதல் பலகை முறிந்தது. அடுத்தது நின்றது. வேலை முடிந்ததும் பழக்கத்தில் நகத்தை வைத்தார். அது சுற்றிச் சுற்றிப் போனது. “எங்க நிறுத்தறதுன்னே தெரியலடி” என்று என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெட்கத்தை நான் பார்த்ததில்லை.

மாமாவிடம் கேட்காமலே போய்ப் புதுக் குஞ்சுகள் வாங்கி வந்தார். மாமா எழுந்து வரவில்லை. “எதுக்கும்மா பாவத்தைச் சேக்கிற?” என்று மட்டும் சொன்னார்.

மழை நிற்கவில்லை, ஓர் இரவு மறுபடி கரண்ட் போனது. விடிந்ததும் நான் குடையோடு ஓடினேன். அத்தை கூண்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தார், கதவைத் திறக்காமல். பின்னாலிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. மாமா சுவரைத் தடவிக்கொண்டே கொல்லைப்படி வரைக்கும் வந்துவிட்டார்.

அத்தை பெட்டியின் மூடியைத் தூக்கினார். குனிந்து பார்த்தார். நிமிரவேயில்லை.

“எப்படி இருக்கு?” என்றார் மாமா. ஒரு படி இறங்கினார். “சொல்லேன்மா. எதுவா இருந்தாலும் சொல்லு.”

அத்தை வந்து அவர் கையைப் பிடித்தார். கூண்டு வரை நடத்திப் போய், விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவிட்டு, கதகதப்பாக நெளிந்துகொண்டிருந்த குஞ்சுகளுக்கு நடுவே அந்தக் கையை மெதுவாக இறக்கினார்.

உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது வான்கோழி வளர்க்கப்போவதாகச் சொன்னால், இதை அவர்களிடம் சொல்லுங்கள்.