வழிமொழிய வேண்டியவர்

குத்தாலத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் ஐந்து ஏக்கர் சொந்த நிலம் வைத்திருப்பவர் துரைராசு. பதின்மூன்று வருடங்களுக்கு முன் வயலுக்கு நடுவே எரிவாயுக் கிணறு தோண்ட வந்த இயந்திரத்தை மறித்துப் படுத்து, பதினோரு நாள் திருச்சி சிறையில் இருந்தவர். அந்தக் கிணறு பாதியில் மூடப்பட்டது. அன்றிலிருந்து ஊருக்காகப் பேசும் ஆள் அவர்தான். டீசல் விலை ஏறினாலும், எங்கோ இரண்டு நாடுகள் முட்டிக்கொண்டாலும், ஷேக் பரீதின் டீக்கடைக்கு அவர் வந்து சேரும்வரை யாரும் முடிவாக ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

அப்படியிருந்த ஊருக்கு மதிவதனி திரும்பி வந்தாள். துரைராசுவின் வயலில் முப்பது வருடம் அறுப்பறுத்த மருதையனின் மகள். சுற்றுச்சூழல் படித்துவிட்டு மயிலாடுதுறையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தினாள். கோயில் நிலத்தில் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து அப்பாவோடு நடவும் செய்தாள். தை மாதத்தில், கதிர் சாயும் நேரத்தில் மழை ஏன் கொட்டுகிறது, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஏன் உப்புக் கரிக்கிறது என்று அவள் விளக்கினால் ஆட்கள் நின்று கேட்டார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் வந்து அவளை வரப்பில் நிறுத்திப் பேட்டி எடுத்தார்கள். கத்தாரில் வேலை செய்யும் துரைராசுவின் மகன் செந்தில்குமார் அதைப் பார்த்துவிட்டு, 'நம்ம ஊர்ப் பொண்ணு என்னமா பேசுது பாருங்கப்பா' என்று அவருக்கே அனுப்பிவைத்தான்.

துரைராசு அதை நான்கு தடவை பார்த்தார். அவள் எங்கே தடுமாறுகிறாள் என்று தேடினார். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. இயந்திரத்தின் முன்னால் படுத்த அன்று தன்னை யாரும் வரப்பில் நிறுத்திப் படம் பிடிக்கவில்லையே என்ற நினைப்பு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. மறுநாள் டீக்கடையில் ஷேக் பரீத் கிளாஸை நீட்டிக்கொண்டே, இந்த மழை விஷயத்தில் மதி என்ன சொல்கிறாள் என்று அவரிடமே விசாரித்தான். அவர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அந்த வருடம் வளைகுடாவில் சண்டை மூண்டது. கப்பல்கள் நின்றன, சிலிண்டருக்குப் பதிவு செய்தவர்கள் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். பழைய கிணற்றைத் திறந்தால் நமக்கே எரிவாயு கிடைக்குமே என்று ஊரில் ஒரு கூட்டம் பேச ஆரம்பித்தது. போர் இன்றோ நாளையோ முடியும், பாழான நிலத்தடி நீர் திரும்புமா என்றது இன்னொரு கூட்டம். மே தினக் கிராம சபையில் இதை வைப்பதென்று முடிவானது.

முந்தின வாரம் மதிவதனி அவர் வீட்டுக்கு வந்தாள்.

"கிணத்த தொறக்கக் கூடாதுங்கற தீர்மானத்த நான் வாசிக்கிறேங்க ஐயா. நீங்க வழிமொழியணும். நீங்க சொன்னாத்தான் ஊரு கேக்கும்."

கடைசி வார்த்தைகள் அவர் காதில் ஏறவில்லை. இவள் முன்மொழிவாள், நான் வழிமொழிவேனா என்பதுதான் உள்ளே ஓடியது. பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

கிராம சபையில் அவள் நிதானமாக வாசித்து முடித்தாள். கைதட்டல் அடங்குவதற்குள் துரைராசு எழுந்தார். என்ன பேசப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது.

"அடுப்பெரியாம பொம்பளைங்க தவிக்கிறாங்க. இந்த நேரத்துல பருவநிலை, அது இதுங்கறது வயிறு ரொம்புனவங்க பேச்சு. கிணத்த தொறக்கட்டும்."

கிணற்றை மூடவைத்தார் என்று பதின்மூன்று வருடமாக அவரை ஏசி வந்த சிலர் கைதட்டினார்கள். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. சாயங்காலத்துக்குள் அவர் பேச்சு எல்லார் கைப்பேசியிலும் ஓடியது. கிணறு வேண்டும் என்றவர்கள் வீடு தேடி வந்து சால்வை போர்த்தினார்கள். அவரோடு சிறையில் இருந்த செல்லதுரை மட்டும் எதிரே வந்தபோது சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான்.

மனைவி ஞானாம்பாள் சால்வையை மடித்து வைக்காமல் அவர் மடியிலேயே போட்டாள்.

"அந்தப் பொண்ணு வாசிச்சது அத்தனையும் நீங்க அன்னிக்குச் சொன்னதுதானே. அவ வாயால வந்தது பொறுக்கலியா?"

இல்லை என்று சொல்ல முடியாதது அவருக்கே வெட்கமாக இருந்தது. சேற்றுக் காலோடு கொல்லையில் நின்று கூலி நெல் வாங்கிப்போன மருதையனின் மகள் என்பதும் அந்தப் பொறாமைக்குள் இருந்தது. அதை மனைவியிடம்கூட அவரால் சொல்ல முடியாது.

பத்து நாள் கழித்து மதிவதனியின் வயலுக்குப் போனார். பாத்தியில் நாற்றங்காலுக்கு மண்ணைச் சமன் செய்துகொண்டிருந்தாள். வார்த்தை கிடைக்காமல் தடுமாறி, அன்றைக்குத் தான் பேசியது தப்பு என்றார்.

அவள் மண்வெட்டியை ஊன்றி நின்றாள். "எங்கப்பாவும் அன்னிக்கு உங்ககூட ஜெயில்ல இருந்தாருங்க. நீங்க பதினோரு நாள்ல வந்துட்டீங்க, ஜாமீனுக்கு ஆளில்லாம அவரு இருபத்தாறு நாள் கெடந்தாரு. ஒரு கூட்டத்துலயாவது அவர மேடையேத்துனீங்களா?"

அவர் ஏற்றவில்லை. மருதையனுக்கும் பேச ஏதாவது இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அவள் மன்னித்ததாகவும் சொல்லவில்லை, மன்னிக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆகஸ்ட் பதினைந்து கிராம சபைக்கு வந்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லி மறுபடி குனிந்தாள்.

ஆகஸ்ட் பதினைந்தில் துரைராசு எழுந்து, மே மாதம் பேசியது தன் புத்தி கெட்டுப் பேசியது என்றார். தீர்மானத்தை வழிமொழிவதாகச் சொன்னார். இத்தனை வருடக் கூட்டங்களில் தனக்கு முன்னால் மருதையனைப் பேசச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை என்றும் சொல்லி உட்கார்ந்தார். சிலர் சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்த மருதையன் தலையைக் குனிந்துகொண்டார். முப்பத்தெட்டு வாக்கு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. கிணற்றை இன்றுவரை திறக்கவில்லை.

எல்லாரும் மதிவதனியைச் சூழ்ந்துகொண்டபோது துரைராசுவுக்கு மறுபடியும் எரிந்தது. அது முகத்தில் தெரியாமல் இருக்க எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து, மற்றவர்கள் ஓய்ந்த பிறகு, அவரும் கைதட்டினார்.