மஞ்சள் அரிசியும் ஒரு பித்தளைத் தூக்கும்

கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு மருந்து கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தேன். அங்கே பாத்ரூம் போக டோக்கன் வாங்க வேண்டும். லைன் முழுக்கப் பொம்பளைகள், இருந்ததோ ரெண்டே டோக்கன். குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டேன். அது பால் மறந்ததும், "திரும்பப் போயேன்" என்று வீட்டில் ஆரம்பித்தார்கள். செத்தாலும் அந்த கம்பெனி பஸ்ஸில் ஏறுவதில்லை என்று எனக்குள் முடிவு. ஏல வியாபாரத்துக்கு வந்தது அதனால்தான். முன்னுக்கு வர வேண்டும், முதலாளி ஆக வேண்டும் என்கிற கதையெல்லாம் கிடையாது.

அப்போது கவரைப்பேட்டையில் இருந்தோம். வீட்டுக்காரர் இரும்பு மில்லில் ஷிப்டு வேலை. அவர் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடந்தது. மில்களில் உருக்குவதற்கு லாரி லாரியாகப் பழைய இரும்பு வரும். அதில் கலந்து வரும் பித்தளையை ரோட்டோரக் காயலாங்கடை பாய் தனியாகப் பொறுக்கி வைப்பார். பழவேற்காட்டுக்காரர், நல்ல மனுஷன். "இந்தக் கருப்பு சொம்ப எவம்மா வாங்குவான்?" என்று சிரித்துக்கொண்டே எடை போடுவார். நான் அதைப் போட்டோ எடுத்து, இங்கிலீஷில் நாலு வரி எழுதி, ஏலம் நடத்தும் வெப்சைட்டில் போடுவேன். வடக்கத்தி ஆட்கள் போட்டி போட்டு விலையை ஏற்றுவார்கள். அப்போது ரெண்டுக்கும் ஒரே லைன்தான்; இன்டர்நெட் போட்டால் போன் வேலை செய்யாது, போன் வந்தால் இன்டர்நெட் போய்விடும். ஏலம் முடிகிற நேரத்தில் நாத்தனார் போன் செய்தால் எனக்கு வரும் கோபத்துக்கு அளவே இருக்காது.

மாமியாருக்கு இந்த வியாபாரமே பிடிக்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பாத்திரம் வாசல் தாண்டி விலைக்குப் போனால் அந்தக் குடும்பம் நொடித்துவிட்டது என்று அர்த்தம். நான் பையும் கையுமாக போஸ்டாபீஸ் போவதைப் பார்த்துவிட்டு எதிர் வீட்டம்மா கேட்டேவிட்டாள்: "இன்னாக்கா, உன் மவனுக்கு வேல பூட்ச்சா?" மாமியாருக்கு மானம் போய்விட்டது. "அய்ய, அது எங்க ஊட்டுது இல்லடி, பாய் கடைல வாங்குனது" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆனாலும் பார்சல் கட்டுகிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். நான் கட்டியதைப் பார்த்து, "இது இன்னா கட்டு, துணி மூட்டயாட்டம்? நகரு" என்றார். தேங்காய் நார், பழைய பேப்பர், அட்டைப் பெட்டி எல்லாம் வைத்து அவர் கட்டினால் ஆடாது, அசையாது. எனக்கும் நிம்மதி. உள்ளே என்ன வைக்கிறார் என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

ஒருநாள் வெப்சைட்காரர்களிடமிருந்து மெயில் வந்தது. வடக்கே ஒருவர் மூடி போட்ட பித்தளைத் தூக்கு ஒன்றை ஏலத்தில் எடுத்திருந்தார். அவர் புகார் கொடுத்திருக்கிறார். தூக்கைத் திறந்தால் உள்ளே மஞ்சள் தடவிய அரிசி ஒரு பிடி, அதன் மேல் குங்குமம். அவர் மனைவி அலறியதில் பில்டிங்கே கூடிவிட்டதாம். யாரோ செய்வினை வைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று தூக்கை அப்படியே ஆற்றில் எறிந்துவிட்டார்களாம். சொல்லாத பொருளைப் பார்சலில் வைத்ததால் என் கணக்கை மூடிவிட்டதாகக் கடைசி வரி சொன்னது.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. நேரே அடுப்படிக்குப் போய்க் கத்தினேன். "தூக்குல அரிசி வெச்சீங்களா?"

"எல்லாத்துலயுந்தான் வெச்சேன்" என்றார் சாதாரணமாக. "வெறும் பாத்திரத்த எப்டிம்மா ஒர்த்தர் ஊட்டுக்கு அனுப்புறது? நம்ம இன்னா கேடுகெட்ட குடும்பமா? சொம்பு, குண்டா எதுன்னாலும் ஒரு பிடி வெச்சுத்தான் அனுப்புனேன். தூக்கு மட்டும் வெள்ளிக்கெழம போச்சு, அதான் மஞ்சளும் குங்குமமும் வெச்சேன்."

"செய்வினைன்னு எழுதியிருக்கான். பயந்துபோய் ஆத்துல வீசிட்டானாம்! என் கணக்கையும் மூடிட்டாங்க!"

மாமியார் கையில் கரண்டியோடு அப்படியே நின்றார். "நல்லா இருக்கட்டும்னு வெச்சத..." என்றார். அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். எனக்கு அப்போது பாவமாகவே இல்லை. கம்பெனி பஸ்தான் கண் முன்னால் நின்றது.

ஷிப்டு முடிந்து வந்த வீட்டுக்காரர் ஒரே பேச்சில் முடித்தார். "பேஜாரு உட்டுது, இந்த யாவாரம் போதும். திங்கக்கெழம கம்பெனிக்குப் போய்க் கேளு, ஆள் எடுக்கிறாங்கோ."

நான் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்து அழுதேன். மாமியார் வந்து பக்கத்தில் நின்றார்.

"வேற ஆள் பேர்ல கணக்கு தொறந்தா ஒத்துக்குவானா?"

"ஒத்துக்குவான். பேங்க் கணக்கும் அந்த ஆள் பேர்லயே இருக்கணும்."

"அப்ப என் பேர்ல தொற."

நான் நிமிர்ந்து பார்த்தேன். தெருவில் யார் கேட்டாலும் எங்க ஊட்டுது இல்ல என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷி. மறுநாள் கல்யாணங்களுக்குக் கட்டுகிற புடவை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு என்னோடு பேங்க்குக்கு வந்தார். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். எதிர் வீட்டம்மா எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டதற்கு, "யாவாரத்துக்கு" என்றார். திங்கட்கிழமை கம்பெனி பஸ் என்னை ஏற்றாமல் போனது.

புதுக் கணக்கில் முதலில் விற்றது ஒரு சின்ன சொம்பு. மாமியாரே கட்ட உட்கார்ந்தார். நான் டேப்பை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன், காவலுக்கு உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம். சொம்பின் உள்பக்கத்தை முந்தானையால் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"ஒண்ணுமே வெக்கக் கூடாது இல்ல?"

"கூடாது அத்தை."

சொம்பை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து, வேலை கொடுக்கிற அதிகாரியிடம் கேட்பது மாதிரி கேட்டார்.

"நல்லா இருங்கோன்னு வாயால சொல்லி அனுப்பலாமா? அதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டானே?"

டேப்பைக் கீழே வைத்தேன். "மாட்டான், சொல்லுங்க" என்றேன்.

அவர் குனிந்து சொம்புக்குள் சொன்னார்.