தங்கராசுக்கு ரோடு, எனக்கு நாற்காலி

நகர சபை உறுப்பினர் வேலைன்னா என்னமோ ஊரை ஆளுற வேலைன்னு நினைச்சுக்காதீங்க. வருசம் பூரா உக்காந்திருந்து, பட்ஜெட் அன்னிக்கு ஒரு தடவை கை தூக்குற வேலை. அதை எப்பத் தூக்கணும்னு தெரிஞ்சவன் பொழைச்சான். கேட்டவுடனே தூக்கினவன் என்னைய மாதிரி உக்காந்து கதை எழுதிக்கிட்டிருக்கான்.

இலங்கை மலைநாட்டுல, ஹட்டன்ல பஸ் ஏறினா வர்ற சின்ன டவுன் எங்களுது. பேரைச் சொன்னா சண்டைக்கு வருவாங்க, விடுங்க. தொண்ணூறுகள்ல ரெண்டு தடவை அங்க உறுப்பினரா இருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால தையல் கடை வச்சிருந்ததால எல்லாருக்கும் நான் ‘மாஸ்டர்’. தோட்டத் தொழிலாளர் சங்கத்து லிஸ்ட்ல வந்த ஆளு. சேர்மனும் நம்ம பக்கம்தான். நான் குடியிருந்தது டவுனுக்கு மேல மேட்டுல, தோட்டத்துப் பழைய லயத்து வரிசை வீடுகள்ல. அங்கேருந்து கீழ வர ஒரே ஒரு மண் பாதை. மழை பேஞ்சா அதுல நடக்க முடியாது, வழுக்கிக்கிட்டுத்தான் வரணும். எங்க ஊர்ல எப்பதான் மழை பேயல? நான் சபைக்குப் போனதே அந்த மேட்டுக்கு ஒரு படிக்கட்டும் பிடிச்சு ஏற ஒரு கைப்பிடியும் வாங்கத்தான். ஒரே கட்சியில ஒரே நாற்காலியில உக்காந்து தேஞ்சு போன சாமிகளே, மிச்சத்தைக் கேளுங்க. என் வயிறு மட்டும் எரிஞ்சா போதுமா, உங்களுதும் சேர்ந்து எரியட்டும்.

காது சொறிஞ்ச ஆளு

தங்கராசுன்னு ஒருத்தன். டவுனுக்குக் கீழ ஆத்தோரத்துல இருந்து வந்தவன், வேன் வாடகைக்கு விடுறவன். சுயேச்சைக் குழு. குழுத் தலைவரும் அவன்தான், அந்தக் குழுவுல ஜெயிச்ச ஒரே ஆளும் அவன்தான். அதனால அவனைக் குழுவை விட்டு நீக்கணும்னா அவனே அவனை நீக்கணும். சபையில ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட சரிசமம். இவன் எந்தப் பக்கம் சாயுறானோ அந்தப் பக்கம் கனக்கும்.

என் முதல் பட்ஜெட். ‘ஆதரவா இருக்கிறவங்க’ன்னு சேர்மன் வாயைத் தொறந்ததுமே என் கை மேல போயிருச்சு. தங்கராசு காதைச் சொறிஞ்சுக்கிட்டு ஜன்னல் வழியா வெளிய பாத்துக்கிட்டிருந்தான். சேர்மன் முகம் வெளுத்துப் போச்சு. தேத்தண்ணி குடிச்சிட்டு வருவோம்னு கூட்டத்தை நிறுத்தினாரு. சேர்மனும் தங்கராசும் மட்டும் பின் வராந்தாவுல நின்னு குடிச்சாங்க. திரும்பி வந்தப்ப தங்கராசு காது சொறியல, கை தூக்கினான். அடுத்த தைப்பொங்கலுக்குள்ள ஆத்தோரத்துக்குத் தார் ரோடு போயிருச்சு.

எனக்குப் பொறுக்கல. சபைச் செயலாளர் யாழ்ப்பாணத்துக்காரர், நேர்மையான மனுசன். அவருகிட்டப் போயி, நானும்தானேய்யா கை தூக்கினேன், எனக்கு ஏன் ஒன்னுமே இல்லன்னு கேட்டேன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே சொன்னாரு: “மாஸ்டர், உங்கட கையை நான் எண்ணுறேல்லை. கூட்டம் துவங்க முன்னமே கூட்டிப் போட்டிடுவன்.”

லேசா தைங்க

கட்சி மாறுறதுக்கு எங்க பக்கம் ஒரு முறை இருக்கு. சும்மா போயி உக்கார முடியாது. கோயில்ல தேங்காய் உடைக்கணும், மாலை போடணும், போற கட்சியோட கலர்ல கரை வச்ச சால்வை தோள்ல விழணும். போட்டோ எடுக்கணும். அந்தச் சால்வையை யார் தைக்கிறது? டவுன்ல நல்லா ஓரம் அடிக்கிற ஆளு நான் ஒருத்தன்தான். அடுத்த வருசம் தங்கராசு எதிர்க்கட்சிப் பக்கம் போனான், நான்தான் தைச்சேன். பட்ஜெட்டுக்கு முன்னால திரும்பவும் சேர்மன் பக்கம் வந்தான், அதுக்கும் நான்தான் தைச்சேன். போன போக்குல ஆத்தோரத்துக்குத் தெரு விளக்கு. வந்த வரவுல தண்ணிக் குழாய்.

அந்த விளக்கு எங்க மேட்டுல இருந்து பாத்தா நல்லாத் தெரியும். பொழுது சாய்ஞ்சா நான் வாசல்ல உக்காந்து அதையே பாத்துக்கிட்டிருப்பேன். சோறு ஆறிப் போகும். என் வீட்டுக்காரி செல்வி உள்ள இருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப் போவா.

அதுக்கப்புறம் இன்னொரு தடவை சால்வைத் துணியைத் தூக்கிக்கிட்டுக் கடைக்கு வந்தான். இந்த வாட்டி மிஷினை அழுத்தி ஓட்டினேன், கோவம் எனக்கு. நூலு துணிக்குள்ள போயி இறுகி உக்காந்துக்கிச்சு. எட்டிப் பாத்த தங்கராசு ரொம்ப மரியாதையாச் சொன்னான்: “அண்ணே, கரையை மட்டும் லேசா தைங்க. அடுத்த வருசம் பிரிக்கணும்ல.”

நாற்காலியில இறங்கின பாக்கியம் அக்கா

சிரிச்சுக்கிட்டிருக்கிறப்பவே இதையும் சொல்லிர்றேன். மேட்டுல எங்க பக்கத்து வீடு பாக்கியம் அக்கா. காலையில தேயிலைக் கொழுந்து எடுக்கப் போறப்ப பாதையில வழுக்கி விழுந்துட்டாங்க. இடுப்பு எலும்பு போச்சு. ஆட்டோ மேல வராது. என் தையல் கடை நாற்காலியைத் தூக்கிட்டு வரச் சொல்லி, அதுல அவங்களை உக்கார வச்சுக் கயித்தால கட்டினோம். ஆளுக்கொரு காலைப் பிடிச்சுக்கிட்டு கீழ இறக்கினோம். நான் முன் கால். செருப்பைக் கழட்டிட்டுத்தான் இறங்கினேன், அப்பவும் ரெண்டு எடத்துல சறுக்கினேன். அக்கா பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்தாங்க.

கீழ ரோட்டுல ஆட்டோவுல ஏத்தி டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அன்னிக்கே சேர்மன் வீட்டுக்குப் போயி நின்னேன். இந்த வருசம் வழியில்ல மாஸ்டர், அடுத்த பட்ஜெட்ல பாப்போம்னாரு. அதையேதான் போன வருசமும் சொன்னாரு. ஆனா அதைவிட என்னைய அறுத்தது ஆட்டோவுல போறப்ப அக்கா கேட்டதுதான். என் மேல கோவமே இல்லாம, சும்மா தெரிஞ்சுக்கக் கேக்குற மாதிரி கேட்டாங்க: “ஏன் மாஸ்டர், தங்கராசு ஏரியாவுல விழுந்திருந்தா ஆட்டோ வாசலுக்கே வந்திருக்கும்ல?”

காணாமப் போறது

சரி, நாமளும் தொழிலைக் கத்துக்குவோம்னு முடிவு பண்ணினேன். பட்ஜெட் நெருங்கினா தங்கராசு என்ன செய்வான்? காணாமப் போவான். எதிர்க்கட்சிக்காரங்க வேன்ல ஏத்திக்கிட்டுக் கதிர்காமம் கோயிலுக்குப் போயிருவாங்க, சேர்மன் ஆளுங்க பின்னாலேயே இன்னொரு வேன்ல தேடிக்கிட்டுப் போவாங்க. ரெண்டு வேனும் அவனுதுதான், ரெண்டுக்கும் வாடகை வாங்கிருவான். திரும்பி வர்றப்ப நெத்தி நிறைய விபூதியும் ஊருக்கு ஒரு பாலமும்.

என்னைய வேன்ல ஏத்த ஆளில்ல. நானே பஸ் ஏறி மஸ்கெலியாவுக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். செல்விகிட்ட மட்டும் சொல்லிட்டு, யாராவது வந்து கேட்டா முதல்ல தெரியாதுன்னு சொல்லு, ரொம்பக் கேட்டா மஸ்கெலியான்னு சொல்லிருன்னு சொல்லி வச்சேன். வாரம் முழுக்கத் தங்கச்சி வீட்டு வாசல்ல சட்டையை மாட்டிக்கிட்டு ரெடியா உக்காந்திருந்தேன். ரோட்டுல ஜீப் சத்தம் கேட்டா எழும்பி நிப்பேன். சேர்மன் வந்தா முதல்ல முகம் குடுக்கக் கூடாது, அப்புறம் மெதுவா படிக்கட்டுப் பேச்சை எடுக்கணும்னு எல்லாம் மனசுக்குள்ள பேசிப் பாத்தாச்சு. ஜீப் எல்லாம் தோட்டத்துக்குப் போச்சு. சேர்மனுக்கு நான் ஊர்ல இல்லைங்கிறதே தெரியாதுன்னு பின்னாடிதான் எனக்குத் தெரியும்.

கடைசி நாள் தங்கச்சி ரொட்டியைத் தட்டுல வச்சு என் முன்னால நீட்டினா. பாவம், நல்ல மனசோடதான் சொன்னா: “சட்டையைக் கழட்டுங்கண்ணே, தொவைச்சுப் போட்டுர்றேன். இனிமே யாரும் வரமாட்டாங்க.”

எதிர்த்துத் தூக்கின கை

அந்த ஆத்திரத்தோடயே பட்ஜெட் அன்னிக்கு வந்து எறங்கினேன். நேரத்தோட போகல. வாசிச்சு முடிச்சு வாக்கெடுக்கிற நேரத்துல கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள போகணும், எல்லாரும் திரும்பிப் பாக்கணும்னு ஆசை. அப்படியேதான் போனேன். யாரும் திரும்பிப் பாக்கல. தங்கராசு அந்த வருசம் பேரம் படியாம எதிர்க்கட்சிப் பக்கம் உக்காந்திருந்தான். அவனுக்குப் பதிலா எதிர்க்கட்சியில ஒருத்தனைச் சேர்மன் முன்கூட்டியே இழுத்து வச்சிருந்தாரு. சேர்மன் எங்க பக்கத்தை ஒரு பார்வை பாத்துட்டு, போதும்னு தெரிஞ்ச தைரியத்துல வாக்கெடுப்புக்கு விட்டாரு. ஆதரவுன்னாரு, நான் கையைக் கட்டிக்கிட்டேன். எதிர்ப்புன்னாரு, தூக்கினேன். ஒரு கை வித்தியாசத்துல பட்ஜெட் விழுந்துச்சு. தங்கராசு என்னையப் பாத்த பார்வை இருக்கே, அதுக்காகவே இன்னொரு தடவை தூக்கலாம். அவன் முகத்துல பொறாமை! அந்த ஒரு நிமிசம்தான் நான் உறுப்பினரா வாழ்ந்தது.

வெளிய வந்ததும் செயலாளர் ஐயா என்னைய ஓரமாக் கூப்பிட்டாரு. நான் வர்றதுக்கு முன்னால வாசிச்சதுல எங்க மேட்டுப் படிக்கட்டு இருந்திருக்கு. கைப்பிடியோட. பாக்கியம் அக்கா விழுந்ததுல இருந்து சேர்மனுக்கு மனசு உறுத்திக்கிட்டே இருந்திருக்கு, அவரே சேர்த்திருக்காரு. நான் மஸ்கெலியாவுல சட்டை போட்டுக்கிட்டு உக்காந்திருந்த வாரம்தான் உறுப்பினர்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்காங்க.

சேர்மன் வீட்டுக்கு ஓடினேன். ரெண்டாவது தடவையும் பட்ஜெட் விழுந்தா அவரு நாற்காலி போயிரும், அதனால மறுபடி கொண்டு வர்றப்ப சாமி சத்தியமாத் தூக்குறேன்னேன். எனக்கு முன்னாடியே தங்கராசு வந்துட்டுப் போயிருந்தான். படிக்கட்டை ஆத்தோரத்துக்கு மாத்தியாச்சு. சேர்மன் ஏசக்கூட இல்ல. சோர்ந்து போயிச் சொன்னாரு: “மாஸ்டர், தங்கராசு மாறுவான்னு எனக்குத் தெரியும், அதுக்கு ஒரு ஏற்பாடு பண்ணிக்குவேன். நீங்க மாறுவீங்கன்னு எனக்குத் தெரியாதே.”

திறப்பு விழா

ஆத்தோரம் சமதரை. படிக்கட்டு போட மேடே இல்ல. தேடிப் பிடிச்சு கோயிலுக்கு ஏறுற எடத்துல கொஞ்சம் உசரம் இருந்துச்சாம், அங்க போட்டான். என் கைப்பிடி, பச்சைப் பெயின்ட் அடிச்சு, சும்மா பளபளன்னு நிக்குது. கல்லுல அவன் பேரு. நான் கட்சி மாத்தித் தூக்கினதுக்குச் சங்கத்துல கூப்பிட்டு ஏசிட்டு விட்டுட்டாங்க, நீக்கக்கூட இல்ல. அவன் மாறினா பேப்பர்ல வருது, நான் மாறினா மறந்துட்டாங்க.

திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தான். போகக் கூடாதுன்னுதான் இருந்தேன், பாக்காம இருக்க முடியல. எல்லாரும் ஏறினாங்க. நான் கைப்பிடியைத் தொட்டுப் பாத்துக்கிட்டுக் கீழயே நின்னேன். தங்கராசு மேல இருந்து எறங்கி வந்து என் கையைப் பிடிச்சான்: “பாத்து ஏறுங்கண்ணே, உங்களுக்குப் படியில ஏறிப் பழக்கமில்ல.”

மூணு விருப்பு

அடுத்த தேர்தல்ல என்னாச்சு தெரியுமா? தங்கராசு எங்க லிஸ்ட்டுக்கே வந்துட்டான். எங்க சங்கமே மாலை போட்டுச்சு, சால்வை நான்தான் தைச்சேன். இந்தத் தடவை கரையை லேசாத் தைக்கச் சொல்லல, அதுதான் எனக்குப் பயம். எங்க தேர்தல்ல லிஸ்ட்டுக்கு ஓட்டுப் போட்டுட்டு, அதே லிஸ்ட்ல பிடிச்ச மூணு பேருக்கு விருப்பு வாக்குப் போடலாம். எண்ணி முடிச்சா தங்கராசு எல்லாருக்கும் மேல. நான் தோத்துட்டேன். மேட்டு வீடுகள்லகூட அவனுக்குத்தான் அதிகமா விழுந்திருந்துச்சு.

மறு வருசமே மேட்டுக்குப் படிக்கட்டு வந்துருச்சு. கல்லுல அவன் பேரு. ஒரு நாள் டவுன்ல சாமான் வாங்கிட்டு நானும் செல்வியும் அதுல ஏறி வந்தோம். மழைதான், ஆனா கால் சறுக்கல. பாக்கியம் அக்காகூட ஊன்றுகோலை வச்சுக்கிட்டு எங்களுக்கு முன்னால ஏறிப் போறாங்க. எனக்கு அடங்கல. இத்தனை வருசம் நான் இவங்களுக்கு நாயா அலைஞ்சேன், நம்ம சனமே அவனுக்குப் போட்டிருக்கே, யாரு போட்டிருப்பான்னு பொலம்பிக்கிட்டே வந்தேன். செல்வி பையை எறக்கி வச்சிட்டு, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்கினா. “மூணு விருப்பு இருந்துச்சுல்லங்க. ஒன்னு உங்களுக்குத்தான் போட்டேன். ஒன்னு தங்கராசு அண்ணனுக்குப் போட்டேன். படி வேணும்ல.”

நகர சபையில இத்தனை வருசம் உக்காந்து நான் கண்டது, எந்தப் பக்கம் போவான்னு தெரியாத ஆளுக்குத்தான் சேர்மனும் ரோடு போடுவாரு, பொண்டாட்டியும் ஓட்டுப் போடுவா.